ஜம்ப் ஸ்டார்ட்டுக்குத் தமிழில் என்ன?

தொழிற்பயிற்சி ஆசிரியர், திருச்சி:

அன்பர்களுக்கு வணக்கம். வீட்டில் நிற்கும் கார் காலையில் கிளம்பவில்லை என்றால் என்னென்ன பார்ப்பது என்று, திங்கட்கிழமை மாணவர்களுக்கு இரண்டு பக்கக் குறிப்பு கொடுக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ மட்டும் கேட்கிறதா, முகப்பு விளக்கு மங்குகிறதா, பேட்டரி முனைகளில் ஏதாவது பூத்திருக்கிறதா, மீட்டரில் 12.6 வோல்ட் வருகிறதா, 12-க்குக் கீழே போய்விட்டதா, இவையெல்லாம் தமிழில் ஒழுங்காக வந்துவிட்டன. பக்கத்து வண்டியிலிருந்து வயர் போட்டுக் கிளப்புவதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ‘தாவல் தொடக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. ஞாயிறு மாலைக்குள் சொன்னால் புண்ணியம்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

தாவல் வேண்டவே வேண்டாம். ‘தூண்டல்’ இருக்கிறதே! சுடர் மங்கும்போது திரியை மேலே தள்ளுவதுதான் தூண்டுதல். அதற்கான குச்சி தூண்டுகோல். திருமறைக்காட்டில் அப்பர் ‘தூண்டு சுடரனைய சோதி’ என்று பாடினாரே. மேலும், ‘துள்’ என்னும் ஒரே வேர்தான் துள்ளு என்றும் தூண்டு என்றும் கிளைத்தது என்பது என் துணிபு. ஆக, ஆங்கிலத்தான் சொன்ன துள்ளலும் உள்ளே வந்துவிடுகிறது.

இயற்பியல் ஆசிரியை, மதுரை:

ஐயா, மின்காந்தத் தூண்டல் என்று பாடநூலில் வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரே பிள்ளை இரண்டையும் படிக்க வேண்டும். அப்புறம், விளக்கில் எண்ணெய் இருந்தால்தான் தூண்ட முடியும். இங்கே எண்ணெயே தீர்ந்துவிட்டது.

பட்டறைக்காரர், கோயம்புத்தூர்:

எங்களிடம் ‘ஜம்பர் போடு’ என்றால் சின்னப் பையனுக்கும் புரியும். சாதா கியர் வண்டி என்றால் நாலு பேர் தள்ளி, செகண்டில் போட்டு எடுத்துவிடுவோம். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. பெயர் என்னவோ வைத்துக்கொள்ளுங்கள் சார், வரிசையை மட்டும் சரியாகப் போடுங்கள். சிவப்பு முதலில் இறங்கின பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்லதின் மைனஸில். கடைசி முனை இறங்கின பேட்டரியின் மைனஸில் அல்ல, அந்த வண்டி எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில்தான் பொறி தெறிக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்; இரண்டும் சந்திக்கக் கூடாது. கழற்றும்போது தலைகீழ் வரிசை.

யாழ்ப்பாணத்தவர், டொராண்டோ:

இங்கே பனிக்காலத்தில் இந்த வயர் இல்லாமல் காரை எடுக்கவே பயம். குளிரில் பற்றரியின் வலு குறையும், எஞ்சினோ சுற்றக் கூடுதல் வலு கேட்கும். எங்கள் பக்கம் புத்தகத்தில் மின்கலவடுக்கு என்று படித்தோம், வாயில் பற்றரிதான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொஞ்ச நேரத்துக்கு வாங்குவதுதானே இது? ‘இரவல் தொடக்கம்’ என்றால் என்ன?

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

நல்ல சொல்தான். ஆனால் இரவல் என்பது ‘இர’ என்பதன் பிள்ளை. தொல்காப்பியம் இரவின் கிளவியை, அதாவது ஒன்றைக் கேட்டுப் பெறும் சொல்லை, மூன்றாக்கும்: ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா ஒப்போன் கூற்று, கொடு உயர்ந்தோன் கூற்று. அண்டை வீட்டார் ஒப்போர். ஆகவே ‘தா’வே உரியது. பழந்தமிழில் பலரிடம் கேட்கும் ஏவல் ‘தம்மின்’. பிரித்தால் தம் + மின், அவர்களுடைய மின்சாரம்! இதைவிட அழகாக அமையுமா? இரவலே வேண்டுமென்றாலும் புணர்த்தி ‘இரவற்றொடக்கம்’ என்றே எழுதுக.

தொழிற்பயிற்சி ஆசிரியர், திருச்சி:

ஐயா, ‘இரவற்றொடக்கம்’ என்று என் மாணவர் ஒருவரிடம் காட்டினேன். இரவு அற்ற தொடக்கம், அதாவது பகலில் மட்டும் செய்ய வேண்டியது என்று புரிந்துகொண்டார். ‘தம்மின்’னை இன்னும் யாரிடமும் காட்டவில்லை.

இயற்பியல் ஆசிரியை, மதுரை:

‘கைமாற்று’ என்றால்? வட்டியில்லை, பத்திரமில்லை, அவசரத்துக்கு வாங்குவது.

பட்டறைக்காரர், கோயம்புத்தூர்:

கைமாற்று என்றால் திருப்பிக் கொடுக்கணும் மேடம். இதில் யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியை ஏற்றுகிற ஆல்டர்நேட்டர் கொடுத்தவர் வண்டியில் இருக்கிறதே, அதுவே சரிக்கட்டிக்கொள்ளும். வாங்கினவர் ஒரு டீ வாங்கித் தருவார்.

தொழிற்பயிற்சி ஆசிரியர், திருச்சி:

மணி ஆறு, நகல் எடுக்கும் கடை எட்டுக்கு மூடிவிடும். மூன்று பேர் இரவல் பக்கம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். ‘இரவல் மின் தொடக்கம்’, பக்கத்திலேயே ‘ஜம்ப் ஸ்டார்ட்’ என்று தமிழ் எழுத்தில். வயருக்கு இரவல் வடம். முனைகளில் பூப்பதற்குக் களிம்பு என்று போட்டுவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ‘தம்மின்’ என் குறிப்பேட்டில் இருக்கும். ஆனால் களிம்பு? அது செம்பில் ஏறுவது, சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை. ஈயத்தில் வெள்ளையாகப் பூப்பதை எப்படிக் களிம்பு என்பீர்?

இயற்பியல் ஆசிரியை, மதுரை:

அதைவிட, பிள்ளைகள் மருந்துக்கடைக் களிம்பு என்று நினைத்து எதையாவது பூசிவிடப் போகிறார்கள்.

பட்டறைக்காரர், கோயம்புத்தூர்:

பூசட்டும் மேடம். வெந்நீரும் சோடா உப்பும் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு, நாங்களும் வாசலின் பூசித்தான் விடுகிறோம்.