முதல் கட்டத்தில் எழுத வேண்டியது என்னைத்தான்: பயிற்சிக் கால அனுபவங்கள்

சிறப்புக் கல்வி படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், இதில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று என் பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

இரண்டாவது செமஸ்டரில்தான் எங்களைக் குழந்தைகளோடு விட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஆட்டிசம் உள்ள 9 வயதுப் பையன். பேச்சு வரவில்லை. தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் தரையில் படுத்துக் கத்துவான், தன் கையையே கடித்துக்கொள்வான். மேற்பார்வை ஆசிரியை மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பிறகு என்ன ஆனது. ஏபிசி தாள் என்று நாம் சொல்வோமே, அதுதான். நடுக் கட்டத்தை இடம் போதாமல் எழுதி நிரப்பினேன். முதல் கட்டத்தில் 5 நாளும் ஒரே வார்த்தை: "காரணமில்லாமல்".

ஆசிரியை அதைச் சிவப்பு மையால் சுழித்தார். "காரணம் இருக்கும்மா. உன் கண்ணில் படவில்லை. நாளைக்கு அவனைச் சுற்றி என்ன நடக்கிறதென்று மட்டும் பார்" என்றார்.

இரண்டே நாளில் பிடிபட்டது. அவன் மணி கோத்துக்கொண்டிருப்பான். நேரம் முடிந்ததும் நான் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவேன். மாலை பாதியில் நிற்கும். அடுத்த நிமிடம் கத்தல். முதல் கட்டத்தில் எழுத வேண்டியது என்னைத்தான்.

அப்புறம் அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி அவன் மேசையில் ஒட்டினோம். ஒரு வேலை முடிந்ததும் அதன் படத்தை அவனே உரித்து டப்பாவில் போடுவான். மணிகளையும் எண்ணி, அந்த நேரத்துக்குள் கோத்துவிடக்கூடிய 10 மட்டும் தட்டில் வைத்தேன். கத்தல் ஒரேயடியாக நிற்கவில்லை. விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் மறுபடியும் கூடியது. ஆனால் கையிலிருந்த காயம் ஆறியது. அதைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

ரெக்கார்டு எழுதுவதை மதிப்பெண்ணுக்கான வேலையாக நினைக்காதீர்கள். "அடம்", "கோபம்" என்று எழுத வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு, மணி என்ன, என்ன சத்தம் கேட்டது, பக்கத்தில் யார், கையிலிருந்து எது போனது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

*

அக்கா, உங்கள் தட்டு மாதிரி எனக்கு ஒரு வீடியோ.

பெருமூளை வாதம் உள்ள 12 வயதுப் பெண்ணுக்கு நான் பாடம் எடுத்தேன். எதிரில் படப்பலகை இருக்கும், விடையைக் கண்ணால் காட்டுவாள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி காத்திருந்தாலே மாணவர்களின் பதில் நீளமாகிறது என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதியதைத் தேர்வுக்குப் படித்து எழுதியும் இருந்தேன். என் வகுப்பை எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால், கேட்ட கையோடு நானே விடையைச் சொல்லிவிடுகிறேன்!

மறுநாள் கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினேன். 3 போனது, 8 போனது. வாயைத் திறக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம். 11 எண்ணும்போது கண் நகர்ந்தது, மெதுவாகப் போய் மழைப் படத்தில் நின்றது. சரியான விடை. அதுவரை எத்தனை விடைகளை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

*

என்னுடையது சின்னதுதான். 6 வயதுப் பையன் என் முன்னால் வந்து நின்று, "தண்ணி வேணுமா?" என்றான். "வேண்டாம்ப்பா" என்றேன். மறுபடி கேட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது குரலே உடைந்திருந்தது. அழைத்துப்போக வந்த அம்மாதான் சொன்னார்: "டீச்சர், அவனுக்குத்தான் தாகம். நாம் கொடுக்கும்போது அப்படித்தானே கேட்கிறோம்?"

காதில் விழுந்த சொற்களை அப்படியே திரும்பச் சொல்வதை எக்கோலாலியா என்பார்கள் என்று ஒரு வாரம் முன்புதான் குறிப்பெடுத்திருந்தேன். கேட்டதைத் திரும்பச் சொல்வதிலும் குழந்தைக்கு ஒரு தேவை இருக்கலாம் என்று பேச்சு-மொழி வல்லுநர் பேரி பிரிசான்ட் போன்றவர்கள் 1980களிலேயே காட்டிவிட்டார்கள். குறிப்பேட்டில் இருந்தது, காதில் விழவில்லை.

இப்போது தண்ணீர் கொடுக்கும்போது நான் கேள்வியாகக் கேட்பதில்லை. அவன் சொல்ல வேண்டிய மாதிரியே "தண்ணி வேணும்" என்று சொல்லிக் கொடுக்கிறேன். இன்னும் "வேணுமா?" என்றுதான் வருகிறது. சரி, வரட்டும். கேட்டதும் எழுந்து போய் எடுத்து வருகிறேன்.