புகையிலையோடு பிடிபட்ட மாணவனுக்கு டிசி கொடுப்பது சரியா?

கொடிமரம்:
எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் உதட்டுக்குள் வைக்கிற புகையிலையோடு பிடிபட்டார்கள். மூவருக்கும் டிசி கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். எல்லாம் சேர்க்கையால் வருவது. ஒருவன் தொட்டால் பெஞ்சே தொடும்.

கணக்கு டீச்சர்:
டிசி வாங்கிய பையன் பெரும்பாலும் அடுத்த பள்ளிக்குப் போவதில்லை, நான் பார்த்த வரை. போன வருஷம் என் வகுப்பில் ஒருவன், கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், வாயைத் திறக்க மாட்டான், தலையை மட்டும் ஆட்டுவான். திமிர் என்று நினைத்து இரண்டு தடவை வெளியே நிறுத்தினேன். அப்புறம்தான் தெரிந்தது, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்னப் பொட்டலம், வைத்த இடத்தில் ஈறு வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. அப்பா வெளியூரில், அம்மாவுக்கு மில்லில் மதிய ஷிஃப்ட். நாலரை மணிக்குப் பள்ளி விட்டால் ராத்திரி பத்து வரை "சாப்பிட்டியா" என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. கேட்டவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெரிய பசங்கள்தான்.

கொடிமரம்:
டீச்சர், என் மனைவியும்தான் வேலைக்குப் போகிறாள். பிடிபட்ட மூவரில் ஒருவன் வசதியான வீட்டுப் பிள்ளை, தினமும் கையில் நூறு ரூபாய். அதற்கு என்ன சொல்வீர்கள்?

தெற்குவாசல்:
இரண்டு பேரும் கடைக்காரரை விட்டுவிட்டீர்கள். 2003 புகையிலைச் சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயது ஆகாதவருக்கு எங்கேயுமே விற்கக் கூடாது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய், அதை ஒரே நாளில் எடுத்துவிடுவார். ஆனால் 2015 சிறார் நீதிச் சட்டம் 77ஆவது பிரிவில் பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தாலே 7 வருஷம் வரை சிறை. கூல் லிப் என்கிற உதட்டுப் புகையிலையை ஏன் நாடு முழுக்கத் தடை செய்யக் கூடாது என்று 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேட்டது. பையன்களின் பையைத் தடவிய உங்கள் கூட்டம், கடை மேல் ஒரு புகாராவது கொடுத்ததா?

கொடிமரம்:
இல்லை. ஆனால் கடையை மூடினால் பஞ்சர் சொல்யூஷனை முகர்வான், ஒயிட்னரை முகர்வான்.

கணக்கு டீச்சர்:
அது உண்மை. மத்திய அரசு 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் முகர்கிற போதை மட்டும்தான் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம், 0.58 சதவீதத்துக்கு 1.7. அதனால்தான் அந்தச் சாயங்காலப் பொழுதையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன், கையில் நூறு ரூபாய் இருக்கிற பிள்ளைக்கும் அதே பொழுதுதான். ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையானவர்கள், 2016இல் 5 சதவீதம். சாயங்கால விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் போட்டது, பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருக்கும்படி பெற்றோரிடம் பேசினார்கள், ராத்திரியில் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடும் வைத்தார்கள். இங்கே பி.டி. பீரியடை வாங்கிக் கணக்கு நடத்தியவள் நான். இந்த வருஷம் வாங்குவதில்லை.

கொடிமரம்:
அந்த நாட்டு மக்கள்தொகை நம் பெரம்பலூர் மாவட்டத்தைவிடக் குறைவு டீச்சர், அதை இங்கே பொருத்த முடியாது. டிசி விஷயத்தில் நான் மாறவில்லை. கடை மேல் புகார் எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது, திங்கட்கிழமை காலையில் பள்ளி வாசலில் இருப்பேன்.