மறு: கிளியரன்ஸுக்கு ‘இடைவெளி’ போதாதா?

வணக்கம் நண்பர்களே,

மைக்ரோவேவ் அடுப்பை வீட்டில் வைப்பதற்கான குறிப்பைத் தமிழில் எழுத ஆரம்பித்து, முதல் பத்தியிலேயே ‘கிளியரன்ஸ்’ என்ற ஒரு சொல்லில், அதாவது அடுப்பைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய இடத்துக்கு என்ன பெயர் என்பதில், சிக்கி நிற்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கிளியரன்ஸ் என்றால் இடைவெளிதானே? எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

தெரிந்த சொல்தான், மறுக்கவில்லை. முதல் வரைவில் இயந்திர மொழிபெயர்ப்பு போட்டுத் தந்த ‘அனுமதி’க்கு இது எவ்வளவோ தேவலாம் (“பின்புறம் 10 செ.மீ. அனுமதி தேவை” என்றால் யாரிடம் போய் வாங்குவது?). ஆனால் இடைவெளி என்றதும் சும்மா கிடக்கும் இடம் என்றுதான் மனதில் படுகிறது. சமையலறையில் சும்மா கிடக்கும் இடத்தை யார் விட்டுவைப்பார்கள்? பக்கத்தில் ஒரு தட்டு செருகப்படும், மேலே டப்பாக்கள் ஏறும், தூசு படியாமலிருக்க ஒரு துணி விரிப்பும் வந்துவிடும். அளவுநாடா வைத்துச் சரியாக அளந்து வைத்தவரே அடுத்த வாரம் அடைத்துவிடுவார். அவர் மேல் குற்றமில்லை, குறிப்பு அவரிடம் தூரத்தைச் சொன்னதே தவிர, அது எதற்கு என்று சொல்லவில்லை.

எதற்கு என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. முகப்பில் 800 வாட் என்று போட்டிருந்தால் அது உணவைச் சூடாக்கப் போகும் திறன், சுவரிலிருந்து அந்த அடுப்பு இழுப்பது ஏறத்தாழ 1200, 1300 வாட் இருக்கும். மிச்சமெல்லாம் மேக்னெட்ரானிலும் (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் பாகம்) அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்பார்மரிலும் வெறும் சூடாகிப் போகிறது. உள்ளே இருக்கும் விசிறி வெளிக்காற்றை இழுத்து மேக்னெட்ரானைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளின் மேல் ஊதி, அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே தள்ளுகிறது. துளைகள் அடைபட்டால் தள்ளிய சூட்டுக்காற்றையே திரும்ப இழுக்கும். கொஞ்ச நேரத்தில் வெப்பக் காப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்து, அடுப்பு பாதியில் நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். இப்படி விட்டுவிட்டு ஓடுகிற அடுப்புக்கு மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், பின்பக்கமும் மேல்பக்கமும் என்ன அடைத்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். சில மாடல்களில் காற்று உள்ளே போகும் துளைகள் அடிப்பாகத்தில் இருக்கும், ஆகவே அந்தச் சின்னக் கால்களைக் கழற்றக் கூடாது, அடியில் மெத்தென்ற விரிப்பும் போடக் கூடாது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், ‘இங்கே காற்று போய் வர வேண்டும்’ என்பதைத் தானே சொல்ல வேண்டும்.

> விடுவெளி, காற்றிடம், காற்றோட்டத் தொலைவு: இந்த மூன்றில் எது?

‘காற்றோட்டத் தொலைவு’ அரசாணையில் வருகிற மாதிரி இருக்கிறது. ‘விடுவெளி’ எனக்குப் பிடித்திருந்தது, ‘விடு’ என்று ஏவலும் உள்ளேயே இருக்கிறதல்லவா, ஆனால் தொலைபேசியில் சொன்னால் விண்வெளி என்று கேட்கும், தவிர எதற்காக விட வேண்டும் என்பது அதிலும் இல்லை. ‘காற்றிடம்’ கருத்தளவில் சரி, வாக்கியத்தில் போட்டதும் வேற்றுமை உருபு ஏறிக்கொள்கிறது. “காற்றிடம் 10 செ.மீ. விடுங்கள்” என்று படிப்பவர் ஒரு கணம் தடுக்கி விழுவார்.

நான் முன்வைப்பது ‘மூச்சிடம்’. மூச்சுவிட இடமில்லை என்று நாம் தினமும் சொல்கிறோம், அதிலிருந்து ஒரு எட்டு தூரம்தான். இலக்கணப்படி இதிலும் அதே உருபு ஒளிந்திருக்கிறது, தெரியும். ஆனால் மூச்சிடம் போய் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதால் குழப்பம் வராது. மூச்சிடம் என்று பெயர் வைத்த இடத்தில் தட்டைச் செருக யாருக்கும் கொஞ்சம் தயக்கமாவது வரும். இயந்திரத்தில் சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே விடும் கிளியரன்ஸுக்கு இது பொருந்தாது என்று பொறியியல் நண்பர்கள் சொல்வார்கள். அங்கே இடைவெளியே இருக்கட்டும், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வாக்கியம் இப்படி வரும்: “பின்புறமும் பக்கங்களிலும் 10 செ.மீ., மேலே 20 முதல் 30 செ.மீ. மூச்சிடம் விடுங்கள். உங்கள் அடுப்போடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.” அந்த இரண்டாவது வரி கட்டாயம் வேண்டும், மாடலுக்கு மாடல் அளவு மாறும். அலமாரிக்குள் மூடிப் பொருத்துவதற்கென்று செய்யப்படாத அடுப்பை உள்ளே தள்ளிவிட்டு மூச்சிடம் பேசுவதில் அர்த்தமில்லை என்பதையும் சேர்க்கலாம்.

மற்றவை சுருக்கமாக.

‘எர்த்’துக்குப் புவித்தொடுப்பு, நிலத்தொடர்பு எல்லாம் வந்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இருக்கட்டும். இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் எலெக்ட்ரீஷியனிடம் பேச வேண்டியிருக்கும், அவருக்கு அது எர்த்தான். டிரான்ஸ்பார்மர் வகை அடுப்பில் 2000 வோல்ட் அளவுக்கு ஏற்றும் சுருளின் ஒரு முனை உலோகக் கூட்டோடேயே இணைந்திருக்கும். அந்தக் கூட்டை எர்த்தோடு சேர்ப்பது பிளக்கின் மூன்றாவது முள்தான். இரண்டு முள் அடாப்டர் போட்டு ஓட்டாதீர்கள் என்பதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். அந்த இடத்தில் தமிழ்ப் பற்றைக் காட்டி யாரையும் குழப்ப வேண்டாம்.

கதவிலுள்ள ‘இன்டர்லாக்’ சுவிட்சுக்கு ‘இடைப்பூட்டு’ வேண்டவே வேண்டாம். அது கதவைப் பூட்டுவதில்லை, கதவு திறந்ததும் மேக்னெட்ரானை நிறுத்துகிறது. ‘கதவுக் காவல் சுவிட்ச்’ என்று போட்டிருக்கிறேன்.

உள்சுவரில் ஒட்டியிருக்கும் அந்த மைக்கா தகட்டுக்கு என்ன செய்வது? சாம்பல் நிறத்தில், கை வைத்தால் அட்டை மாதிரியே இருப்பதால், பேக்கிங்கோடு வந்தது என்று பிய்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அலை உள்ளே வரும் வாயை மூடி, உணவுத் தெறிப்பும் ஆவியும் அதற்குள் போகாமல் காப்பதே அதன் வேலை. அதனால் ‘அலைவாய் மூடி’. அலைவாய் கடற்கரைக்குப் பழைய சொல் என்று யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

> மைக்ரோவேவுக்கு நுண்ணலை என்பது தவறு. அலைநீளம் 12 செ.மீ., இதில் நுண்மை எங்கே? சிற்றலை என்று மாற்ற வேண்டும்.

2450 மெகாஹெர்ட்ஸ் என்றால் 12 செ.மீ. சொச்சம், கணக்கு சரி. ஆனால் சிற்றலையை வானொலிக்காரர்கள் ‘ஷார்ட்வேவ்’வுக்கு எப்போதோ எடுத்துக்கொண்டார்கள், அதன் அலைநீளம் பத்து மீட்டரிலிருந்து மேலே போகும். அதோடு ஒப்பிட்டால் இது நுண்ணியதுதான். இந்த இழையை இதோடு விட்டுவிடலாம்.

மூச்சிடத்துக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், மாற்றுச் சொல்லை வாக்கியத்தில் பொருத்திக் காட்டினால் இன்னும் நல்லது. அப்புறம், சுழல்தட்டுக்கு அடியில் சின்னச் சக்கரங்களோடு ஒரு வளையம் வருமே, அதற்கு ‘உருள்வளையம்’ என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?