ஏழு மாதம் மேற்பதவி வேலை பார்த்தேன், கையில் கடிதம் இல்லை

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரி, ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள், அரசாங்கத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த இலாகா என்று மட்டும் கேட்காதீர்கள். 2024 டிசம்பர் 1-இல் வந்த புதிய சம்பள முறையில் கிரேடு எண்கள் மாறிவிட்டன, நான் பழைய எண்களையே சொல்கிறேன்.

2019-இல் எங்கள் அலுவலகத்தில் என்22 கிரேடில் இருந்த அம்மா 60 வயதாகி ஓய்வுபெற்றார். மறுநாள் காலையில் மேலதிகாரி அலமாரிச் சாவியை என் மேசையில் வைத்து, "ஆள் வரும் வரைக்கும் நீயே பார்த்துக்கோம்மா" என்றார். நான் அதற்குக் கீழே, என்19. ஏழு மாதம் பார்த்தேன். வவுச்சர், ஊழியர் விடுப்பு, கணக்காய்வுக்கு வந்தவர்களுக்குப் பதில் எல்லாம் நான்தான், என் சொந்த வேலையும் குறையவில்லை. எட்டாவது மாதம் வேறு மாவட்டத்திலிருந்து ஒரு தம்பி மெமாங்கு கடிதத்தோடு, அதாவது அந்த மேற்பதவியைத் தற்காலிகமாக வகிக்கும் உத்தரவோடு, வந்து உட்கார்ந்தார், எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். அவர் மேல் கோபமில்லை, வேலையை நானேதான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெமாங்கு என்பது பதவி உயர்வுக்குப் போகும் வழி. தங்கோங் கெர்ஜா அப்படியில்லை, காலியான இடத்து வேலையையும் சேர்த்துச் சுமப்பது மட்டும்தான். குறைந்தது 28 நாள் தொடர்ந்து பார்த்தால் அந்தப் பதவியின் ஆரம்பச் சம்பளத்தில் 25 விழுக்காடு அலவன்ஸ் உண்டு, ஆனால் எழுத்தில் உத்தரவு வேண்டும். எனக்கு வாய்வார்த்தைதான்.

இரண்டு ரயுவான், அதாவது மேல்முறையீடு, எழுதினேன்: ஒன்று மெமாங்குக்கு, ஒன்று அலவன்ஸுக்கு. மெமாங்கு கேட்டது தள்ளுபடி. மூன்று வருட எல்என்பிடி, அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டு மதிப்பெண், சராசரியைப் பார்த்தார்களாம். அதில் ஒரு வருடம் அப்பா ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம், மதிப்பெண் இறங்கியிருந்தது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அது இன்னும் மனதை அறுக்கிறது.

அலவன்ஸ் ரயுவானில் முதலில் என் ஆதங்கத்தைத்தான் இரண்டு பக்கம் கொட்டியிருந்தேன். தொழிற்சங்கத்து அங்கிள் ஒருவர் படித்துவிட்டு, "அநியாயம்னு எழுதாதேம்மா, தேதி எழுது" என்றார். சரி என்று ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நான் கையெழுத்திட்ட ஒவ்வொரு வவுச்சரையும் நகலெடுத்துத் தேதி வரிசையில் அடுக்கினேன். நான்காம் மாதக் கூட்டக் குறிப்பில் அந்தப் பொறுப்புக்கு நேரே என் பெயர் இருந்தது, அதுதான் என்னைக் காப்பாற்றியது. நான்கு மாதத்துக்கு அலவன்ஸ் கொடுத்தார்கள். முதல் மூன்று மாதத்துக்கு எழுத்தே இல்லை, போனது போனதுதான். சாவி கைக்கு வந்த அன்றே, "ஐயா, உத்தரவுக் கடிதம் எப்போது வரும்?" என்று ஒரு இமெயில் தட்டியிருந்தால் ஏழு மாதமும் கிடைத்திருக்கும். தங்கச்சிமார்களே, அந்த ஒரு இமெயிலுக்கு வெட்கப்படாதீர்கள்.

பணம் வந்ததை அப்பாவிடம் சொன்னேன். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர், மண்டோர் (மேற்பார்வையாளர்) படுத்த படுக்கையானபோது இரண்டு வருடம் பெரட்டு (காலை ஆள்கணக்கு) எடுத்து அந்த வேலையையும் பார்த்தவர், வெட்டுக்காரர் சம்பளத்துக்கே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதெல்லாம் கேட்கலாமா?" என்றார்.