வளைவுக்கு வசூல் செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை

அனைவருக்கும் வணக்கம்.

நம் அரியாங்குப்பத்தில், கடலூர் ரோட்டிலிருந்து அரிக்கமேட்டுக்கு, அதாவது பழைய துறைமுகம் மண்ணுக்கடியில் கிடக்கும் நம் மேட்டுக்குத் திரும்பும் முனையில் ரோமானியக் கப்பல் பொம்மையோடு ஒரு வளைவு கட்டலாம் என்று பொருளாளர் அண்ணன் எழுதியிருந்தார். அதற்குள் பாரிஸிலிருந்தும் ரீயூனியனிலிருந்தும் ஆளாளுக்குத் தொகை சொல்லிவிட்டீர்கள். ஊர்ப்பாசம் புரிகிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், "நம்ம பக்கம் சுற்றுலாக்காரர்கள் வருவதில்லை" என்று போன மடல்களில் பலர் எழுதியிருந்தீர்கள். வருகிறார்கள், கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். புதுச்சேரி டவுன் பீச் ரோட்டில் இருப்பது பெரும்பாலும் கருங்கல்தான். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் போட்டதிலிருந்து, தெற்கேயிருந்து கடலோடு நகர்ந்து வரும் மணல் வீராம்பட்டினம் பக்கமே தங்கிவிட்டது, வடக்கே டவுன் கரை அரித்துக்கொண்டே போனது. (தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு அங்கே கொஞ்சம் மணல் சேர்ந்தது தனிக்கதை.) ஆகவே மணலில் கால் வைக்க ஆசைப்படுகிறவன் எவனும் நோணாங்குப்பம் படகு குழாமில் டிக்கெட் எடுத்து சுண்ணாம்பாற்றில் பாரடைஸ் பீச் போகிறான், இல்லாவிட்டால் சின்ன வீராம்பட்டினம் ஈடன் பீச்சுக்கு வண்டியை விடுகிறான். ஈடன் பீச்சுக்கு 2021இல், சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தருகிற நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்ததிலிருந்து அந்தப் பக்கம் இன்னும் நெரிசல்.

ஆக, ஆள் வருவது பிரச்சினை இல்லை. வருகிறவர்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை, அதுதான் பிரச்சினை. நம்மில் பலபேருக்கே தெரியாது என்பேன். மேற்கேயிருந்து வரும் சங்கராபரணி இரண்டாகப் பிரிந்து வடக்கே அரியாங்குப்பம் ஆறாகவும் தெற்கே சுண்ணாம்பாறாகவும் கடலில் விழுகிறது, நடுவில் இருப்பது நம் ஊர். பாலம் இருப்பதால் நாம் அதைத் தீவு என்று நினைப்பதே இல்லை. டவுனிலிருந்து முருங்கப்பாக்கம் தாண்டி ஒரு பாலம், தவளக்குப்பம் போக இன்னொரு பாலம், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே இரண்டையும் கடந்து வளர்ந்தவர்கள் நாம்.

போன லீவில் ஊருக்குப் போனபோது காக்காயந்தோப்பு வழியாக மேட்டுக்கு நடந்தேன். பெங்களூர் நம்பர் காரில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. தோப்புக்குள் இடிந்து நிற்கிற அந்தச் செங்கல் சுவர்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மா பிள்ளைகளிடம் "இதுதான் ரோமன்ஸ் கட்டினது" என்று விளக்கம் வேறு கொடுத்தார். அது 18ஆம் நூற்றாண்டில் பாதிரியார்களுக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்த குருமடம், ரோமானியனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உண்மையான சங்கதி அவர்கள் காலுக்கு அடியில் மண் மூடிக் கிடக்கிறது. "அவ்வளவுதானா?" என்று அவர் கணவர் கேட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, காரில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. வளைவு கட்டினால் இதே மாதிரி இன்னும் நூறு பேர் வந்து "அவ்வளவுதானா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

சொல்வதற்கா இல்லை? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் குறிப்பு இந்தக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று வரிசையாக மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. அதில் பொதுகே நம் ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. பாண்டியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரே 1930களிலேயே இங்கே கிடைத்த சாமான்களைக் கவனித்துவிட்டார். 1945இல் அப்போதைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். இத்தாலியில் அரெஸ்ஸோ ஊர்ப் பாணிச் சிவப்புக் கலத்தின் ஓடுகள், ஒயின் வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடித் துண்டுகள், தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகள், செங்கல் தொட்டிகள் எல்லாம் கிடைத்தன. அந்தத் தொட்டிகளில் துணிக்குச் சாயம் போட்டிருக்கலாம் என்று வீலர் நினைத்தார். இத்தாலியில் அந்தக் கலங்கள் எந்தக் காலத்தவை என்று தெரியும், ஆகவே கூடக் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியாவில் மற்ற இடங்களில் தோண்டியவர்கள் காலக் கணக்குக்கு நம் மேட்டைத்தான் பார்த்தார்கள். வீலருக்குப் பிறகு பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் வந்தார், 1989லிருந்து 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியது. ரோமானியன் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதை அழுத்திச் சொன்னவர் பெக்லி. எனக்கு இதில் அதுதான் பிடித்த பகுதி. நம் ஆட்கள் இங்கே குடியிருந்து தொழில் செய்துகொண்டிருந்தார்கள், வெளிநாட்டுக்காரன் பொருள் வாங்க வந்தான். இதை விட்டுவிட்டு வளைவு மேல் ரோமானியக் கப்பலைத் தூக்கி வைப்பானேன்?

அந்தத் தொழிலில் முக்கியமானது மணி. மழை விட்ட மறுநாள் மேட்டில் குனிந்து நடந்தால் கண்ணில் படும். நம்மில் பொறுக்காதவர் யார்? கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு, செங்கல் சிவப்பு, பாசிப்பச்சை, கருநீலம். கண்ணாடியை உருக்கிக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்தது, ஓட்டை தானாகவே அமைந்துவிடும். இதே வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரைக்கும் கிடைக்கின்றன. அன்றைக்கும் ஒரு பையன் பாட்டில் மூடியில் பத்துப் பதினைந்து மணிகளைப் போட்டுக்கொண்டு அந்தக் காரிடம் ஓடினான். விற்கத்தான். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இவற்றை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வது குற்றம், நாட்டைவிட்டு எடுத்துப்போவதும் குற்றம். பாரிஸ் பக்கம் நம்மவர்கள் இருக்கிற சார்செல் வீடுகளில் ஷோகேஸுக்குள் சின்னக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவந்து, சட்டப்படி எப்படி ஒப்படைப்பது என்று டவுன் அருங்காட்சியகத்தில் கேட்டால் நல்லது. அவ்வளவுதான் சொல்வேன்.

அந்தப் பையனை விரட்டவும் கூடாது. அவனுக்குத்தான் மேட்டில் எந்த மூலையில் என்ன கிடக்கும் என்று தெரியும். அவன் மாதிரி பிளஸ் டூ முடித்த ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, தொல்லியல் படித்த ஒருவரைக் கொண்டு சில வாரம் பயிற்சி கொடுத்து, அவர்களையே வழிகாட்டியாக்கலாம். வளைவுக்குச் சொன்ன தொகையில் ஒரு பங்கு அவர்களுடைய முதல் வருஷச் சம்பளத்துக்கே போகட்டும். மணியை விற்றுக் கிடைப்பதைவிட அது பெரிசாக இருந்தால்தான் மணி மண்ணிலேயே கிடக்கும்.

எங்கே கூட்டிப்போவது என்பதற்கும் யோசனை இருக்கிறது. காலையில் மேடு, அங்கிருந்து ஆற்றோரமாக நடந்து அலையாத்திச் செடிகள், அப்புறம் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னரே வந்து ஆடித் தேர் வடம் பிடித்தார், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். இதைக் கேட்டால் எந்த ஊர்க்காரனுக்கும் ஆச்சரியமாக இருக்கும். மதியம் மீனவர் வீட்டுச் சாப்பாடு, சுறாப்புட்டும் நண்டுக் குழம்பும். இதற்கு மகளிர் குழுக்களிடம்தான் பேச வேண்டும், ஓட்டல்காரரிடம் அல்ல. படகு விடுவதென்றால் லைஃப் ஜாக்கெட், அனுமதி, மீனவர் பஞ்சாயத்தின் சம்மதம் மூன்றும் இல்லாமல் வேண்டாம். முகத்துவாரத்து நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ரிசார்ட் யோசனை சொன்ன துபாய் தம்பிக்கு ஒன்று. மேடு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கு மேல் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறைச் சட்டம் வேறு இருக்கிறது. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2010இல் பட்டுப்பாதைத் தலங்களோடு நம் மேட்டையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி நில விலையை ஏற்றிவிடாமல் இருந்தாலே புண்ணியம்.

பிரான்ஸில் இருக்கிற அக்காக்கள், அண்ணன்களுக்கு ஒரு வேலை. வழிகாட்டிப் பிள்ளைகள் பேச வேண்டியதை நான் தமிழில் எழுதித் தருகிறேன், நீங்கள் அதைப் பிரெஞ்சில் எழுதுங்கள். டவுனுக்கு வருகிற பிரெஞ்சுக்காரர்களை ஒயிட் டவுனைத் தாண்டி நாலு கிலோமீட்டர் இழுத்துவர அது போதும். பாண்டியின் பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்த உங்களைவிட்டால் இதற்கு ஆள் கிடையாது.

பொருளாளர் அண்ணன், வளைவுக்கு வாங்கிய கொட்டேஷனை ஆடித் தேர் வரைக்கும் நிறுத்தி வையுங்கள். தேருக்கு எப்படியும் நம்மில் பாதிப்பேர் ஊரில் இருப்போம், அன்று சாயங்காலம் கோயில் பக்கம் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணலாம். அதுவரை யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.