துப்பாக்கி வாங்கப் போனால் எப்போதும் 'டிலே' வருகிறது, யாருக்காவது அனுபவம் உண்டா?

டெக்சஸில் இருக்கும் நம்மவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். கிரீன் கார்டு இருக்கிறது, வழக்கு, கைது எதுவும் கிடையாது, ஆனாலும் கடையில் 4473 படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் எஃப்பிஐ செய்யும் பின்னணிச் சரிபார்ப்பில் உடனே 'புரொசீட்' (கொடுக்கலாம்) வருவதே இல்லை, 'டிலேட்' (முடிவு நிலுவையில்) தான். மூன்று வேலை நாளில் முடிவு வராவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம் என்கிறது பிரேடி சட்டம், ஆனால் கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை, அதனால் எங்கள் ஊர்க் கடைக்காரர் "புரொசீட் வந்தால்தான்" என்று கையை விரிக்கிறார். சரிபார்ப்பும் 30 நாள்தான் செல்லும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து.

பெயர்தான் சிக்கலோ என்று சந்தேகம். ஓட்டுநர் உரிமத்தில் என் பெயர் முதலில், அப்பா பெயர் கடைசியில். கிரீன் கார்டில் தலைகீழ். அதிலும் இரண்டுமே நாலு தெருவுக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர்! கட்டாயமில்லை என்றாலும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுதித்தான் கொடுக்கிறேன்.

கைரேகையோடு விண்ணப்பித்தால் யுபிஐஎன் என்று ஒரு எண் தருவார்கள், அடுத்த முறை படிவத்தில் அதைப் போட்டால் வேறு ஆளோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள், இது தெரியும். யாராவது வாங்கியிருக்கிறீர்களா, எவ்வளவு நாள் பிடித்தது? முதலில் பெயரைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பிப்பதா, இப்படியே போடலாமா? அல்லது டெக்சஸ் எல்டிசி (கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும்) உரிமம் எடுத்துவிட்டால் கடையில் இந்தச் சரிபார்ப்பே வேண்டாம் என்பதால் அதுதான் சுலபமா?

ஹெச்1பி நண்பர்களே, உங்களுக்கு விதி வேறு, தயவுசெய்து இதில் போட்டுக் குழப்ப வேண்டாம். வக்கீலைப் பார் என்பதும் வேண்டாம், துப்பாக்கி விலையைவிட அவர் ஃபீஸ் அதிகம்.