70 வயசுக்கு மேல முதுகுக்கு நெட்டி எடுக்கலாமா?

தாழ்வாரம்:
72 வயது பெண்மணிக்காகக் கேட்கிறேன். 5 மாசமா கீழ்முதுகு வலி. காலையில் எழுந்ததும் இடுப்பு இறுகிக்குது, கொஞ்சம் நடமாடினா இளகிடுது. காலுக்கு வலி இறங்கல, மரத்தும் போகல. எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேன்ல டி-ஸ்கோர் -2.6. ரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான் மாத்திரை போகுது. கழுத்தும் ஒரு பக்கம் சரியா திரும்பல. வீட்ல எல்லாரும் கைரோபிராக்டிக் (முதுகெலும்பு மூட்டுகளைக் கையால அழுத்தித் தளர்த்துற சிகிச்சை) போகலாம்னு சொல்றாங்க. ஆனா வீடியோவுல கழுத்தை வெடுக்குனு திருப்பி ‘டொக்’னு சத்தம் வர்றதைப் பார்த்தாலே பயமா இருக்கு. இந்த எலும்பு அதைத் தாங்குமா? போனா அங்க என்ன கேட்கணும்?

மூட்டுக்கணக்கு:
டி-ஸ்கோர் -2.5ம் அதற்குக் கீழும் எலும்புப்புரைக் கணக்கில் வரும், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நிலை. அதனால் ‘கைரோபிராக்டிக் போகலாமா’ என்பதை விட ‘எந்த முறையில் செய்வீர்கள்’ என்று கேட்பதுதான் முக்கியம். ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு வேலைகள் நடக்கின்றன.

வீடியோவில் வருவது திடீர் உந்தல். தூரம் குறைவு, வேகம் அதிகம். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், நடுவில் ‘போதும்’ என்று சொல்ல வழியில்லை. குப்புறப் படுக்கவைத்து நடுமுதுகில் இப்படி அழுத்தினால், புரையோடிய எலும்பில் விலா விரிசல் விடலாம், முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கலாம். இவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

கேட்க வேண்டியது மென்மையான முறைகளை. உள்ளங்கையால் மூட்டை மெதுவாக, தாளமாக ஆட்டும் முறை இருக்கிறது. வலித்தால் அந்த நொடியே நிறுத்தச் சொல்லலாம். ஆக்டிவேட்டர் என்று பேனா அளவில் ஒரு ஸ்பிரிங் கருவியும் உண்டு. லேசாகத் தட்டும், உடம்பைத் திருகாது. இடுப்புக்குக் கீழே மெல்ல இறங்கி ஏறும் மேசை, தண்டுவடப் பாதை குறுகியவர்களுக்குப் பயன்படுவது. நடந்தால் கால் கனத்து, உட்கார்ந்தால் சரியாகிறவர்கள் அந்த வகை. இவருக்கு அந்த அறிகுறி இல்லை, எனவே அதற்கு அவசரமில்லை.

அந்தச் சத்தத்துக்கும் பெரிய அர்த்தம் கிடையாது. மூட்டு நீருக்குள் சட்டென ஒரு வாயுக் குமிழி உருவாகிற ஒலி அது. விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த ஒலி அல்ல. நெட்டி முறித்த விரலை உடனே மறுபடி முறித்துப் பாருங்கள், சத்தம் வராது. சுமார் 20 நிமிடம் ஆகும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: மேசையிலிருந்து எழும் விதம். படுத்திருந்தவர் சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். முதலில் ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி உட்கார்ந்து, 2 நிமிடம் கழித்து நிற்கட்டும். குப்புறப் படுக்க முடியாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், ஒருக்களித்துப் படுத்தே செய்யலாம். அபிக்சபானை இதற்காக நிறுத்தக் கூடாது. ஆனால் போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆழமாக அழுத்தித் தேய்த்தால் ரத்தம் கட்டும்.

தண்டுவடம்:
கழுத்துக்கு உந்தல் கூடாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்கு மேலேயே ‘கழுத்தில் உந்தல் வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள், வாய்ப் பேச்சாக விடாதீர்கள். கழுத்தின் பின்பக்கம் மூளைக்கு ஏறும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரும். அரிதுதான். ஆனால் கழுத்து இறுக்கத்தைக் குறைக்க வேறு வழி இருக்கும்போது அந்த ஆபத்தை எதற்கு எடுக்க வேண்டும்? முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு வாதம்) உள்ளவர்களுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்ச்சி இருக்கலாம், அவர்களுக்கு இது முழுத் தடை.

போவதற்கு முன் வீட்டிலேயே பாருங்கள். சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறதா? செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கிறாரா? காலை அகட்டி வைத்து நடக்கிறாரா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்படுகிறதா என்று நரம்பு மருத்துவர் பார்க்க வேண்டும். இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல், விழுங்கச் சிரமம், இதுவரை வந்திராத கழுத்துவலியோ தலைவலியோ திடீரென வந்தால் நேரே அவசரச் சிகிச்சைக்கு.

முதுகுக்கும் ஒரு வார்த்தை. இளவயது உயரத்தை விட 4 செ.மீ. குறைந்திருந்தால், அல்லது இருமியபோதோ வாளி தூக்கியபோதோ வலி தொடங்கியிருந்தால், ஏற்கெனவே முள்ளெலும்பு நசுங்கியிருக்க வாய்ப்புண்டு. எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் முதுகில் கை வைக்கக் கூடாது. சிறுநீர் அடைப்பு, தொடை இடுக்கில் உணர்வின்மை, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி இருந்தாலும் முதலில் மருத்துவர்தான்.

தாழ்வாரம்:
ரொம்ப நன்றி சார். உயரம் நாளைக்கே அளந்து பாக்குறேன். விசாரிச்ச ஒரு இடத்துல 24 தடவைக்கு முன்பணம் கட்டினா தள்ளுபடின்னாங்க. கட்டலாமா? குணம் தெரியுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நாற்காலிச்சோதனை:
கட்டாதீங்க. உடம்பைப் பார்க்கும் முன்னாடியே எண்ணிக்கை சொல்றாங்கன்னா, அது சிகிச்சைத் திட்டமே இல்லை. வாரம் ஒண்ணோ ரெண்டோ தடவைன்னு 4 வாரம் பாருங்க. மாற்றமே இல்லைன்னா நிறுத்துங்க. செஞ்ச பிறகு ஒண்ணு ரெண்டு நாள் உடம்பு வலிக்கும், அது சகஜம். அதைத் தாண்டியும் நீடிச்சா, புதுசா காலுக்கு வலி இறங்கினா, அடுத்த தடவை போக வேண்டாம்.

‘இப்ப எப்படி இருக்கு’ன்னு கேட்டா, கேட்டவங்க மனசு கோணாம ‘பரவாயில்ல’ன்னுதான் பதில் வரும். அதனால எண்ணுங்க. கைப்பிடி இல்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவத்தோட ஒட்டிப் போடுங்க. கையை மார்புல குறுக்கா கட்டிக்கிட்டு 30 விநாடியில எத்தனை தடவை முழுசா எழுந்து உட்கார்றாங்கன்னு பாருங்க. 70–74 வயசுப் பெண்களுக்கு 10க்குக் கீழே இருந்தா, விழுற ஆபத்து கூடுதல். அடுத்து, உட்கார்ந்த இடத்துலேருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். 12 விநாடியோ மேலயோ ஆனா அதுவும் எச்சரிக்கை. ரெண்டையும் முதல் நாள் குறிச்சு வெச்சு, 4 வாரம் கழிச்சு மறுபடி எடுங்க. பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்.

நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார அமைப்பு 2023ல வெளியிட்ட வழிகாட்டி, முதியவங்களையும் சேர்த்துத்தான் பேசுது. முதுகெலும்புக் கைச்சிகிச்சைக்கு அதுல இடம் இருக்கு, ஆனா உடற்பயிற்சி மாதிரி மற்ற வழிகளோட சேர்த்துத்தான். கைச்சிகிச்சையால இறுக்கம் தளரும், காலுக்குப் பலம் ஏறாது. இடுப்பு இளகின அதே நாள்ல பயிற்சியைத் தொடங்குங்க: நாற்காலியிலேருந்து 8 தடவை எழுந்து உட்கார்றது, 2 சுற்று. சமையல் மேடையைப் பிடிச்சு 10 தடவை குதிகால் தூக்குறது. ஒரு பாதத்துக்கு முன்னாடி இன்னொண்ணை ஒட்டி வெச்சு 10 விநாடி நிக்கிறது. குனிஞ்சு கால் விரலைத் தொடுறது, படுத்து எழுற வயித்துப் பயிற்சி, எடையோட இடுப்பைத் திருகுறது மூணும் வேண்டாம். புரையோடின முள்ளெலும்போட முன்பக்கம் குனியும்போதுதான் நசுங்கும்.

மூட்டுக்கணக்கு:
‘குணமான பிறகும் மாதாமாதம் பராமரிப்புக்கு வாருங்கள்’ என்பார்கள். அதை முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். 2018இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், வலி வந்தாலும் வராவிட்டாலும் முன்கூட்டித் திட்டமிட்டுச் சென்றவர்களுக்கு, வலி வந்தபோது மட்டும் சென்றவர்களை விட ஓராண்டில் தொந்தரவு நாட்கள் 13 அளவுக்குக் குறைந்தன. ஆனால் முதல் சில சிகிச்சைகளிலேயே நல்ல பலன் கண்டவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். வயது வரம்பும் 65தான். 72 வயதுக்கு அதைக் காட்டி ஆண்டுச் சந்தா கேட்டால், முதலில் அந்த நாற்காலி எண்ணிக்கையை எடுத்து அவர்கள் முன் வையுங்கள்.